பன்னிரண்டும் சரியான விடைதான், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு மலரின் இசைப் புதிரில் ஐந்தாவது கேள்வி இது: ‘பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் எத்தனை?’ நான் 12 என்று எழுதி அனுப்பினேன். மற்ற ஒன்பதும் சரி. மறுவாரம் விடைகள் வந்தபோது ஐந்தாவதற்கு 13 என்று போட்டிருந்தீர்கள். சரி, அச்சுப் பிழையாக இருக்கும் என்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இன்டர்நெட்ல 13னுதான் அங்கிள் போட்டிருக்கு" என்றார்.

பரிசாக வந்திருக்க வேண்டிய இருபது வெள்ளி பற்றுச்சீட்டு போனதில் எனக்கு வருத்தமில்லை. தேக்கா சந்தையில் ஒரு வேளை மீன் வாங்கினால் தீர்ந்துவிடும். அந்த ஒரு வாக்கியம்தான் மூன்று வாரமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 12-க்கும் 13-க்கும் நடுவே நிற்பது ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ என்ற ஒரே வெளியீடு. 1967 நவம்பரில் அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் அதைப் பெரிய எல்.பி. தட்டாகக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் அதே பெயரில் அவர்கள் எடுத்த படத்தின் ஆறு பாட்டு, மறுபக்கம் அந்த ஆண்டு சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள தனித் தட்டாக, வந்திருந்த ஐந்து பாட்டு. அமெரிக்கர்களுக்கு ஈ.பி., அதாவது சில பாட்டு மட்டும் பிடிக்கும் சின்னத் தட்டு, என்றால் ஆகாது, அதனால் இந்த ஒட்டுவேலை. அதிலும் மூன்று பாட்டுக்கு உண்மையான ஸ்டீரியோ கிடையாது, மோனோவைப் பிரித்துச் செய்த போலி ஸ்டீரியோ. அடுத்த மாதம் பிரிட்டனில் பீட்டில்ஸே வெளியிட்டது இரண்டு சின்ன ஈ.பி. தட்டு, ஆறே பாட்டு. அது ஏறியது சிங்கிள்ஸ் விற்பனைப் பட்டியலில். அங்கேயும் இரண்டாம் இடம்தான், முதலிடத்தை விடாமல் உட்கார்ந்திருந்தது அவர்களுடைய ‘ஹலோ, குட்பை’. 1987-ல் சிடி வந்தபோதுதான் கம்பெனிக்காரர்கள் அமெரிக்க எல்.பி.யையும் வரிசையில் சேர்த்து 13 ஆக்கினார்கள். குழு கலைந்து பதினேழு ஆண்டு கழித்துப் பிறந்த பிள்ளை! அதற்கு முன்னால் எண்ணிப் பழகியவன் இன்று பரீட்சையில் தோற்றுவிட்டானாம்.

அந்த இரண்டு ஈ.பி. தட்டும் என் வீட்டில் இருக்கின்றன. என் அண்ணன் இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தார். 1971-ல் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது, ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றது. மற்றவர்கள் மேசைவிசிறியும் இஸ்திரிப் பெட்டியும் வாங்கினார்கள். அண்ணன் மூன்று வெள்ளி கொடுத்து இதை வாங்கி வந்தார், அம்மாவிடம் ஒரு வெள்ளி என்று சொன்னார். அட்டையில் பீட்டில்ஸ் நான்கு பேரும் மிருக வேடத்தில் நிற்பதைப் பார்த்து அம்மா, "இது என்னடா, கூத்துக்காரங்களா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அட்டையோடு சேர்த்துத் தைத்த படப் புத்தகம், நடுவில் நீலத்தாளில் பாட்டு வரிகள். இரண்டு தட்டுக்கும் நாலு பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஒரே பாட்டு, நாலாம் பக்கத்திலும் ஒரே பாட்டு. ஆக, ஆறு பாட்டுக் கேட்க நாலு தடவை ஊசியை வைக்க வேண்டும். உட்கார்ந்த மாதிரியும் இருக்காது, எழுந்த மாதிரியும் இருக்காது. ஆல்பம் என்றால் இருபது நிமிடமாவது மனிதனை ஓர் இடத்தில் உட்கார வைக்க வேண்டாமா? இதை அந்தத் தம்பியின் இன்டர்நெட் சொல்லியதா என்று தெரியவில்லை.

13 என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் நாங்கள் மூன்று பேர் முப்பது ஆண்டாக இதைத்தான் பேசுகிறோம். சிடியில் பீட்டில்ஸைப் பிடித்தவர் ஒருவர், அவர் கணக்கு 13. இன்னொருவர் 11-க்கு மேல் ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவர் ‘யெல்லோ சப்மரீன்’ தட்டையும் வெளியே தள்ளுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1969-ல் வந்த அந்தத் தட்டில் ஒரு பக்கம் முழுக்க அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பின்னணி இசை. மறுபக்கத்து ஆறு பாட்டில் இரண்டு பழசு, புதுசு நாலே நாலு. "நாலு பாட்டுக்கு ஒரு ஆல்பமா? அப்படின்னா உன் ரெண்டு தட்டுல ஆறு பாட்டு இருக்கே, அது ஏன் ஆல்பம் இல்லை?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோப்பி ஓ ஆறிப்போனது.

இன்னும் கேளுங்கள். ‘லெட் இட் பி’ தட்டில் மூன்று பாட்டு 1969 ஜனவரி 30-ம் தேதி லண்டன் செவில் ரோவில் கட்டடத்து மொட்டை மாடியில், குளிரில் நின்றுகொண்டு பாடியவை. மொட்டை மாடி எப்போது ஸ்டுடியோ ஆனது? அதை எண்ணலாம் என்றால் எண்ணிக்கை என்பதே ஒரு வழக்கம்தான், சட்டமல்ல. முப்பது ஆண்டில் எங்கள் மேசையில் ஒருவரை ஒருவர் ‘தவறு’ என்று அச்சடித்ததில்லை.

அப்புறம், இதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் சினிமாப் பக்கத்தில் வாரம் தவறாமல் ‘ஆல்பம் பாடல்’ என்று ஒன்று வருகிறது. யாரோ ஒரு பையன் ஒரே ஒரு பாட்டுப் பாடி வீடியோ போட்டால் அது ‘ஆல்பம் சாங்’. ஒரு பாட்டு எப்படி ஐயா ஆல்பம் ஆகும்? ஒற்றைப் பூவைக் கொடுத்துவிட்டு மாலை என்று காசு கேட்டால் சிராங்கூன் சாலையில் விடுவார்களா? பழைய 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பிடிக்கும். அதனால் பல தட்டுகளைக் கல்யாண ஆல்பம் போலப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள், அந்தப் பெயர்தான் 1948-ல் எல்.பி. வந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. பல சேர்ந்தால்தான் ஆல்பம். இளையராஜா 1986-ல் படத்துக்கு வெளியே ஒரு முழுத் தட்டு போட்டு, அதற்கு ‘ஹௌ டு நேம் இட்’ என்று பெயரும் வைத்தார். அவருக்கே பெயரில் சந்தேகம் இருந்திருக்கிறது, உங்கள் நிருபர்களுக்கு மட்டும் இல்லை.

இரண்டு ஆண்டுக்கு முன்னால் நம் ஊர் ‘குவெஸ்ட்ஸ்’ குழுவைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன். 1964-ல் அவர்களுடைய ‘ஷான்ட்டி’ இசைத்தட்டு இங்கே பீட்டில்ஸ் பாட்டையே முதலிடத்திலிருந்து இறக்கியதை, குவீன்ஸ்டவுன் பள்ளிப் பையன்கள் செய்த காரியம் என்று பெருமையோடு எழுதியிருந்தேன். நீங்கள் அதை நாலு வரியாகச் சுருக்கி வெளியிட்டீர்கள், மிக்க நன்றி. வெட்டியதில் ‘ஷான்ட்டி’யும் போய்விட்டது, பீட்டில்ஸும் போய்விட்டார்கள். மிஞ்சியது, ‘அக்காலத்தில் உள்ளூரிலும் நல்ல இசைக்குழுக்கள் இருந்தன’ என்ற ஒரு வரியும் என் பெயரும். அந்த வரியை எழுத நான் தேவையே இல்லை. என் பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை. கண்டுகொள்ளவில்லை.

குறுக்கெழுத்துப் புதிரின் எழுத்து அளவைப் பற்றி இரண்டு முறை எழுதியும் பதில் இல்லாததை இங்கே கிளப்பப் போவதில்லை.

என் கோரிக்கை சின்னதுதான். பற்றுச்சீட்டு வேண்டாம், வென்றவரிடமே இருக்கட்டும், அவர் நன்றாக இருக்கட்டும். வரும் ஞாயிறு புதிர்ப் பெட்டிக்குக் கீழே ‘ஐந்தாவது கேள்விக்கு 12 என்பதும் ஏற்கத்தக்கது’ என்று ஒரு வரி போட்டால் போதும். அந்தத் தம்பியை யாரும் திட்ட வேண்டாம். நேரம் இருந்தால் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், ஊசி புதிதாக மாற்றியிருக்கிறேன். நாலு பக்கத்தையும் அவரே எழுந்து எழுந்து மாற்றட்டும்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தையும் சுருக்க நேர்ந்தால் குறுக்கெழுத்தை எடுத்துவிடுங்கள். ஊசியைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
41 ஆண்டு வாசகன்,
ஈசூன்