வாசகர் வட்டம்: 2024-25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். செயலாளராக நான் வாசிக்கும் மூன்றாவது அறிக்கை இது. வழக்கமாக உறுப்பினர் எண்ணிக்கை, கூட்டங்கள், வரவு செலவு என்று வரிசையாகப் போவேன். இந்த வருஷம் அப்படிப் போக மனசு வரவில்லை, ஏனென்றால் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை நாம் 'ராமானுஜன்' என்ற ஒரே ஒரு பெயரைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தோம், அதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் எண்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். உறுப்பினர்கள் 64 பேர், போன வருஷத்தைவிட 9 பேர் கூடுதல். ஞாயிறு மாலைக் கூட்டம் பத்து நடந்தது, ஐப்பசி மழையில் ஒன்று நின்றுபோனது, பொங்கல் மாதம் வைக்கவில்லை. செயற்குழு நாலு தடவை கூடியது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் பங்குனியில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் நூலகத்துக்கு வந்து ராமானுஜன் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று கேட்டாள். கணினியில் பெயரைத் தட்டி, வந்ததில் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து, "இதுல கணக்கு எதுவுமே இல்லையே அண்ணா" என்றாள். அவள் எடுத்துப்போனது உடையவர் சரித்திரம், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர். அப்புறம் நானும் நூலகரும் உட்கார்ந்து தேடினோம். 'ராமானுஜன்' என்று தட்டினால் ஒரு பட்டியல், 'இராமானுஜன்' என்றால் வேறொன்று, 'இராமாநுசர்' என்றால் இன்னொன்று, கடைசி எழுத்தை 'ம்' என்று மாற்றினால் நாலாவது. எந்தப் பட்டியலிலும் ஆட்கள் பிரிந்து நிற்கவில்லை, ஆசாரியரும் கணித மேதையும் கவிஞரும் ஒரே தலைப்பின் கீழே கலந்து கிடந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், "இந்தப் பேர்ல மொத்தம் எத்தனை பேர்தான் இருக்காங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த வருஷத்துத் திட்டம். செயற்குழுவில் நான் இதைச் சொன்னபோது, ஒரு பெயரை வைத்து ஒரு வருஷம் ஓட்ட முடியுமா என்று இரண்டு பேர் தயங்கினார்கள். முடிந்தது, நாள்தான் போதவில்லை.

சித்திரைத் திருவாதிரையை ஒட்டிய முதல் கூட்டத்தில் ராமானுஜரிலிருந்து தொடங்கினோம். 1017இல் பிறந்து 1137 வரை 120 ஆண்டு இருந்தார் என்பது மரபுக் கணக்கு. அவர் கதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், திருக்கோட்டியூர்க் கோபுரம்வரை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அன்றைக்குப் பேச்சு பெயரைச் சுற்றித்தான் போனது. ராமனுக்கு அனுஜன், அதாவது தம்பி, இலக்குவன். திருவரங்கத்தமுதனார் பாடிய இராமானுச நூற்றந்தாதியில் 108 பாட்டு, ஒவ்வொரு பாட்டிலும் அந்தப் பெயர் வரும். நம் தலைவர் ஐயா பத்துப் பாட்டை நிதானமாகப் படித்துக் காட்டினார். அந்தப் பெயர் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆடியில் ஒரு வேன் பிடித்து 17 பேர் கும்பகோணம் போனோம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் சீனிவாச ராமானுஜன் வளர்ந்த வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவிடமாக வைத்திருக்கிறது. சின்ன ஓட்டு வீடு, வாசலில் திண்ணை, உள்ளே தெருவைப் பார்த்த சன்னல், அதன் ஓரமாக ஒரு கட்டில். தெருக்கோடியில் கோபுரம். பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில். படித்தது இங்கே டவுன் ஹைஸ்கூலில். கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் உதவித்தொகையை இழந்தது, 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனது, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது, 1914இல் கப்பல் ஏறியது, 1920 ஏப்ரலில் 32 வயதில் போனது, எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சன்னல் பக்கம் நின்றபோது எங்களில் யாரும் பேசவில்லை. கேள்வி கேட்ட அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அவள் கட்டிலைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள்.

அடுத்தது சி.பி. ராமானுஜம். இங்கே ஒரு மன்னிப்பைப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அடித்த துண்டறிக்கையில் படம் சீனிவாச ராமானுஜனுடையது. அச்சகத்தில் பெயரைத் தேடி முதலில் வந்த படத்தை வைத்துவிட்டார்கள், சரிபார்த்து அனுப்பியது நான், அதனால் பிழை என்னுடையது. 300 துண்டறிக்கை ஊருக்குள் போய்விட்டது. இந்த வருஷம் முழுக்க எதைச் சரிசெய்யக் கிளம்பினோமோ அதையே நாமே செய்துவிட்டோமே என்று எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பெரியவருடைய நிழலில் மறைந்தவரை வெளியே கொண்டுவரத்தான் அந்தக் கூட்டம். கூட்டத்தின் தொடக்கத்திலேயே எழுந்து சொல்லி மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

சக்கரவர்த்தி பத்மநாபன் ராமானுஜம், 1938இல் சென்னையில் பிறந்தவர், லயோலா கல்லூரி மாணவர், பிறகு பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். இயற்கணித வடிவியல், அதாவது சமன்பாடுகளை வடிவங்களாகப் பார்க்கிற கணிதம், அவர் துறை. அமெரிக்கக் கணித அறிஞர் மம்ஃபோர்ட் பம்பாயில் நடத்திய பாடங்கள் புகழ்பெற்ற ஒரு நூலாக வந்தபோது அதில் இவர் பெயரும் இருக்கிறது, பின்னிணைப்பு எழுதியவராக. ரஷ்யக் கணித அறிஞர் ஷஃபரேவிச்சின் பாடங்களுக்குக் குறிப்பெடுத்து எழுதியவரும் இவர்தான். 1971இல் வெளிவந்த கட்டுரையில் அவர் காட்டிய பரப்புக்கு இன்றைக்கும் ராமானுஜம் பரப்பு என்றுதான் பெயர். நம் உறுப்பினரான கணித ஆசிரியை அதை விளக்கிய விதத்தை மறக்க மாட்டேன். மேசைவிரிப்பை நடுவில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குள் இழுத்துக்கொண்டே சொன்னார்: கிழிக்காமல் ஒட்டாமல் இப்படியே சுருக்கினால் ஒரு தளம் புள்ளியாகிவிடும், ராமானுஜம் கண்டுபிடித்த பரப்பும் அப்படியே புள்ளியாகிவிடும், அதனால் இரண்டும் ஒன்று என்று தோன்றும், ஆனால் ஒன்று இல்லை, எல்லையில்லாத தொலைவில் போய் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து விரிப்பைத் தானும் பிடித்துப் பார்த்தார். சி.பி. 1974இல் இறந்தார், வயது 36. அதே 1974இல்தான் சீனிவாச ராமானுஜன் 1916இல் சொல்லிவிட்டுப் போன ஓர் அனுமானத்துக்கு பெல்ஜியக் கணித அறிஞர் டெலின் கொடுத்த நிரூபணம் அச்சில் வந்தது. கணிதப் புத்தகத்தில் ஒன்று 'ராமானுஜன்', இன்னொன்று 'ராமானுஜம்'. ஒற்றை மெய்யெழுத்துதான் வித்தியாசம், அதை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து திருத்தாதீர்கள்.

புரட்டாசியில் ஏ.கே. ராமானுஜன். அதிகம் பேர் வந்த கூட்டம் இதுதான், 51 பேர். மைசூரில் 1929இல் பிறந்தவர். வீட்டில் கீழே அம்மாவோடு தமிழ், மாடியில் அப்பாவின் படிப்பறையில் ஆங்கிலம், தெருவில் கன்னடம். அப்பா கணிதப் பேராசிரியர் என்பதைக் கேட்டதும் பலருக்கு மறுபடியும் குழப்பம், அதைத் தெளிவாக்கவே கால் மணி நேரம் ஆனது. அவரே எழுதிவைத்திருக்கிற ஒரு சம்பவத்தைத்தான் நான் பேசினேன். 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடி நூலகத்தின் அடித்தளத்துக்கு இறங்குகிறார். அங்கே கைக்கு வருகிறது உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பிக்கிறார், உரை புரிகிறது, உரை வழியாகப் பாட்டும் திறந்துகொள்கிறது. 'யாயும் ஞாயும் யாரா கியரோ', 'செம்புலப் பெயல்நீர் போல' என்ற அந்தப் பாட்டை உலகம் ஆங்கிலத்தில் படித்தது அதற்குப் பிறகுதான் பரவலாக நடந்தது. 1967இல் மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் உத்தமதானபுரத்துக்காரர் பதிப்பித்த புத்தகம் கடல் கடந்து போய் ஓர் அலமாரியில் காத்திருந்திருக்கிறது. ஒரு புத்தகத்தைச் சரியான இடத்தில் அடுக்கிவைப்பது என்ன வேலை என்று இனிமேல் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கார்த்திகைக் கூட்டத்தில் நம் ஊருக்குச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசினோம். பேராசிரியர் சே. ராமானுஜம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் இருந்தவர், டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் நாடக இயக்குநர் அல்காஜியிடம் படித்தவர். திருக்குறுங்குடியில் கைசிக ஏகாதசி இரவில் நடக்கும் நாடகம் தேய்ந்துபோயிருந்த நிலையில் அதை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்ததில் அவர் உழைப்பு பெரியது. கதை எளிது. கோயிலுக்குப் பாடப்போகிற பக்தர் நம்பாடுவானை வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான், பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர் வாக்குத் தவறாமல் திரும்பி வருகிறார். அதே திருக்குறுங்குடியில்தான் பெருமாளே ராமானுஜரிடம் சீடராக உபதேசம் கேட்டார் என்று குருபரம்பரை சொல்கிறது. நாடகப் பயிற்சி எடுத்த நம் உறுப்பினர் ஒருவர் நம்பாடுவான் சத்தியம் செய்யும் இடத்தை நின்ற இடத்திலேயே நடித்துக் காட்டினார். சே. ராமானுஜத்தைப் பற்றி நம் நூலகத்தில் ஒரு புத்தகம்கூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

மார்கழியில் பேச்சு குறைவு, பாட்டு அதிகம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1890 முதல் 1967 வரை. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா என்று இன்றைக்குக் கச்சேரி போகும் வரிசையை நிலைநிறுத்தியவர். திருப்பாவைக்கு அவர் அமைத்த மெட்டில்தான் நாம் இன்றும் கேட்கிறோம். நம் உறுப்பினர் அம்மா ஒருவர் 'மார்கழித் திங்கள்' நாட்டையில் எடுத்ததும் கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்கள்.

மாசியில் முகவை இராமாநுசக் கவிராயர். ஜி.யு. போப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், துரூ பாதிரியார் 1840இல் வெளியிட்ட திருக்குறள் பதிப்புக்குத் துணைநின்றவர். போப்பைத் தெரியாதவர் இல்லை, ஆசிரியரைத் தெரிந்தவர் அன்றைக்கு அறையில் மூன்று பேர்.

இதையெல்லாம் வைத்து ஒரு வேலை செய்திருக்கிறோம். 200 பக்கக் கோடுபோட்ட நோட்டு ஒன்றில், இந்தப் பெயருடைய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: தலைப்பெழுத்து, அதன் விரிவு, ஊர், ஆண்டு, துறை, நூலகத்தில் என்னென்ன இருக்கிறது, கணினியில் எந்தெந்த எழுத்தில் தேட வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பேரும் ஊர்ப் பேரும்தான் ஆளைப் பிரித்துக் காட்டுகின்றன, அந்த ஓரெழுத்தை விட்டுவிட்டால் ஆளே காணாமல் போகிறார். அதனால் உறுப்பினர்கள் இனிமேல் நூலகப் பதிவேட்டிலும் சரி, நம் அழைப்பிதழிலும் சரி, தலைப்பெழுத்தை விடாமல் எழுத வேண்டும் என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. நோட்டு நூலகர் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தை எழுதியது அந்தப் பிளஸ் ஒன் பெண், இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தை மாதம் காலமானார். கும்பகோணப் பயணத்தில் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்கக் கதை சொல்லிக்கொண்டு வந்தவர். அவர் வைத்திருந்த 140 புத்தகங்களை அவர் மகள் நம்மிடம் கொடுத்திருக்கிறார். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

வரவு: சந்தா 7,680, நன்கொடை 11,500. செலவு: வேன் 6,800, துண்டறிக்கை இரண்டு முறை 2,100, தேநீரும் சுண்டலும் 4,350, நோட்டு, தபால், ஒலிபெருக்கி வாடகை எல்லாம் சேர்த்து 2,240. கையிருப்பு 3,690. விவரத்தைப் பொருளாளர் அம்மா வாசிப்பார்.

வரும் வருஷத்துக்கு எந்தப் பெயர் என்று சீட்டு எழுதிப் போடச் சொன்னதில் 'சாமிநாதன்' 38 சீட்டு வாங்கியிருக்கிறது. உ.வே.சா., எம்.எஸ். சுவாமிநாதன், கோமல் சுவாமிநாதன் என்று மூன்று தலைப்பு இப்போதே உறுதி. எழுத்து இங்கேயும் இரண்டு விதம், தேடும்போது 'சாமி', 'சுவாமி' இரண்டையும் போட்டுப் பாருங்கள். வேறு பெயர் தெரிந்தவர்கள் தலைப்பெழுத்தோடு எழுதி நூலகர் மேசைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். சந்தா அதே 120 ரூபாய்தான், ஜூன் முதல் வாரத்துக்குள் பொருளாளரிடம் கட்டிவிடுங்கள்.