சீனி சரியாக இருக்கிறவர்களையும் பாருங்கள்

யாழ்ப்பாண மாவட்டச் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் தொற்றாநோய்த் தடுப்பில் பணிபுரிவோருக்கும்,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தப் பரிசோதனை செய்பவன். ரிப்போட்டை வாங்கியதும் சனம் முதலில் தேடுவது சீனியை, அடுத்தது கொலஸ்ட்ரோலை. இரண்டும் அளவுக்குள் இருந்தால் முகம் மலர்ந்துவிடும். அவர்களில் சிலருக்கு ஆபத்து இருக்கிறது என்று அதே தாள் சொல்கிறது. அதை எடுத்துச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒரு உதாரணத்துக்கு, 42 வயது ஆண் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றுச் சீனி 98, மொத்தக் கொலஸ்ட்ரோல் 187, எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் 110. "ஒண்டும் இல்லை, போயிட்டு வாங்கோ" என்று அனுப்பிவிடலாம். ஆனால் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 210, எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரோல் 35. முன்னதைப் பின்னதால் பிரித்தால் 6 வருகிறது. 3 தாண்டினாலே இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாத நிலை, இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த மனிதருக்குச் சீனி ஏறாமல் இருப்பதே அவருடைய கணையம் அளவுக்கு மிஞ்சி இன்சுலின் சுரப்பதால் இருக்கலாம். தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கின்றன, கணையம் இன்னும் கூடச் சுரக்கிறது. இப்படியே பத்து வருடம்கூட ஓடலாம். அதற்குள் ஈரல் கொழுப்பை அதிகமாக இரத்தத்தில் விடுகிறது, எச்.டி.எல். குறைகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்த்தியாகின்றன, சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்க பிறசர் ஏறுகிறது. சலரோகம் என்று பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே இரத்தக் குழாய் கெடத் தொடங்கிவிடுகிறது. இவை எல்லாம் ஒரே வேரிலிருந்து வருபவை என்று அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜெரால்ட் ரீவன் 1988இலேயே எடுத்துச் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனத்தின் இதய ஆபத்து அட்டவணையில் வயது, ஆணா பெண்ணா, புகைத்தல், பிறசர், மொத்தக் கொலஸ்ட்ரோல், சலரோகம் உண்டா இல்லையா என்பவை இருக்கின்றன. இடுப்புச் சுற்றளவும் ட்ரைகிளிசரைட்டும் எச்.டி.எல்லும் அதில் இல்லை. மேலே சொன்னவர் புகைக்காதவர், பிறசரும் இல்லாதவர் என்றால், குறைந்த ஆபத்துக்கான பச்சைக் கட்டத்தில்தான் விழுவார். அட்டவணை பிழை என்று நான் சொல்லவில்லை. எங்கள் சனத்துக்கு அது மட்டும் போதாது என்கிறேன்.

ஏனென்றால் எங்கள் உடம்பு வாகு அப்படி. நல்லூர்க் கோயிலில் மேலாடை களைந்து நிற்கும் ஆண்களில் எத்தனை பேருக்குக் கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கிறது! நிறை பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். தெற்காசியருக்கு ஆணில் 90 சென்ரிமீற்றர், பெண்ணில் 80 சென்ரிமீற்றர் என்று இடுப்பின் எல்லையைத் தனியாக வகுத்திருப்பது இதனால்தான். இலங்கையும் உட்பட 52 நாடுகளில் மாரடைப்பைப் பற்றி நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முந்தியே வந்தது. உழைக்கிற வயதில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே வருகிறது.

இதற்காக எல்லோருக்கும் இன்சுலின் ரெஸ்ற் எடுக்கச் சொல்லாதீர்கள். வெறும் வயிற்று இன்சுலினையும் சீனியையும் பெருக்கி இன்சுலின் எதிர்ப்பைக் கணக்கிடும் ஹோமா முறை 1985இலிருந்து ஆய்வுகளில் பயன்படுகிறது. ஆனால் இன்சுலின் அளவு ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் மாறும், செலவும் அதிகம். சீனியையும் ட்ரைகிளிசரைட்டையும் பெருக்கி, இரண்டால் பிரித்து, இயற்கை மடக்கை எடுக்கும் டி.வை.ஜி. சுட்டெண்ணுக்கு அந்தச் செலவு இல்லை. மேலே சொன்னவருக்கு அது 9.24. அந்தச் சுட்டெண் கூடக் கூட மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லோரும் ஏற்ற ஒரு வெட்டுப்புள்ளி இன்னும் இல்லை. ஆகவே அதை வைத்து மருந்து எழுத வேண்டாம், யாரை அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. 35 வயது தாண்டியவர்களுக்கான இலவசப் பரிசோதனையில் ஒவ்வொருவரின் இடுப்பையும் நாடாவால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். இடுப்பு எல்லை தாண்டியவருக்கும், தாய் தகப்பனுக்குச் சலரோகம் உள்ளவருக்கும், கர்ப்ப காலத்தில் சீனி ஏறிய தாய்மாருக்கும் முழு லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) பரிசோதனை செய்யுங்கள். ட்ரைகிளிசரைட் கூடினால் மதுவையும் தைரொயிட்டையும் விசாரித்துவிட்டு, அடுத்த வருடத்துக்குத் திகதி கொடுத்து அனுப்புங்கள். வெறும் வயிறு என்றால் சீனி போட்ட தேத்தண்ணியும் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சனான்" என்று வருபவர்களை நாங்கள் தினமும் திருப்பி அனுப்புகிறோம்.

அப்புறம், ஆண்கள் வருவதில்லை என்ற குறை நாடு முழுக்க உண்டு. வேலை நாளில் காலையில் வரச்சொன்னால் கூலிக்காரரும் கடைக்காரரும் எப்படி வருவார்கள்? திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் குருநகர் கரையிலும் ஒரு மேசை, ஒரு நாடா, ஒரு பிறசர் கருவி வைத்தால் போதும், தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்தம் எடுக்க ஆள் வேண்டுமென்றால், சம்பளம் இல்லாமல் வர நான் ஆயத்தம். என்னைப்போல் வேறு ஆய்வுகூடக்காரரும் வருவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வுகூட ஊழியன் ஒருவன்,
யாழ்ப்பாணம்.