ஸ்பைக்ஸ் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

குறுவட்டப் போட்டிகள் நெருங்குவதால் கடையில் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டப்பந்தய ஷூ) கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதைப் போட்டா எத்தனை செகண்டு குறையும்?" கூட்டத்துக்கு நடுவே நின்று பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

போன வாரம் ஒரு அப்பா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளோடு வந்தார். நூறு மீட்டரை 14.2 விநாடியில் ஓடுகிறாளாம். ஆறு வாரத்தில் 13க்குக் கீழே வர வேண்டுமாம். அவர் பேசப் பேச, அந்தப் பிள்ளை ஷூவின் ஆணி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே தலையைக் குனிந்திருந்தது. எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

இந்திய ஆண்கள் நூறு மீட்டர் சாதனையைப் பாருங்கள். 2016இல் அமியா மல்லிக் ஓடியது 10.26. 2025 ஜூலையில் அனிமேஷ் குஜூர் ஓடியது 10.18. இடையில் வேறு மூவரும் சாதனையை முறியடித்தார்கள். இத்தனை பேர் உழைத்து, ஒன்பது வருஷத்தில் குறைந்தது 0.08 விநாடி. வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட வேகமாகவே நேரம் குறையும், உண்மைதான். ஆனால் ஒரு சீசனில் 0.2, 0.3 விநாடி குறைந்தாலே அது நல்ல முன்னேற்றம். ஆறு வாரத்தில் ஒரு விநாடி கேட்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்று, அந்த 14.2 கை ஸ்டாப்வாட்சில் எடுத்தது. நூறு மீட்டரில் கையில் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 கூட்டிக்கொள்வது வழக்கம். அப்படியானால் அவளுடைய நேரம் 14.44. பெரிய போட்டியில் மின்னணுப் பலகையில் 14.4 என்று வந்தால், "பயிற்சி எடுத்தும் நேரம் கூடிப்போச்சே" என்று வீட்டில் திட்டாதீர்கள். அவள் வேகம் குறையவே இல்லை.

ஸ்பைக்ஸ் பிடிமானம் தரும். கால் வழுக்காது. தொடைக்கு பலம் தராது; அது பயிற்சியில்தான் வரும், அதுவும் ஓய்வோடு. அறுபது மீட்டர் முழு வேகத்தில் ஓடிய பிள்ளை அடுத்த ஓட்டத்துக்கு முன் ஐந்தாறு நிமிடம் சும்மா நடந்துகொண்டிருந்தால், "ஏமாத்துது" என்று பெற்றோர் சத்தம் போடுவதை மைதானத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஏமாற்றவில்லை. அந்த ஓய்வு இல்லாமல் திரும்பத் திரும்ப விரட்டினால் வேகம் வராது. தொடையின் பின்பக்கத் தசைதான் பிடித்துக்கொள்ளும். பிறகு சீசனே போய்விடும்.

புது ஸ்பைக்ஸைப் போட்டியன்று முதல்முறையாகப் போடாதீர்கள். பத்து நாளாவது முன்னதாக வாங்கி, பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழகட்டும். சிமென்ட் தரையில் நடக்க வேண்டாம், ஆணி மழுங்கிவிடும்.

கடைக்கு வருமுன், ஓடப்போவது சிந்தெடிக்கிலா (ரப்பர் போன்ற செயற்கைத் தளம்) மண்ணிலா என்று பி.டி. சாரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். சிந்தெடிக்கில் 9 மி.மீ.க்கு மேல் ஆணி போடக்கூடாது. மண்ணுக்கு நீளமான ஆணி வேண்டும். இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. மாட்டிக் கொடுத்து, கழற்றும் சாவியையும் கூடவே தருகிறோம்.