நாய் ஸ்டாம்ப் ஞாயிறு: எல்லோரும் படிக்கவும்

வணக்கம். வரும் ஞாயிறு 15ஆம் தேதி காலை 10 மணிக்கு பி பிளாக் மொட்டை மாடி அறையில் ஸ்டாம்ப் மாற்றிக்கொள்கிறோம், இந்த முறை நாய் இனங்கள் மட்டும்.

1. 2005 ஜனவரியில் நம் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கும் (ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமாலய ஆட்டுக்காவல் நாய்) முழு செட்டாக யாரிடம் இருக்கிறது? என்னிடம் 15 ரூபாய் ராஜபாளையம் மட்டும் இல்லை, நம்ம ஊர் நாய் இல்லாமல் ஆல்பம் பல்லுப்போன வாய் மாதிரி இருக்கிறது.

2. வெளிநாட்டு ஸ்டாம்புகளை நாடுவாரியாக இல்லாமல் இனவாரியாக அடுக்குங்கள். 1887இல் நியூஃபவுண்ட்லாந்து (இன்று கனடாவின் ஒரு பகுதி) தன் பெயர் கொண்ட நாயின் தலையைப் போட்டு வெளியிட்ட அரை சென்ட் ஸ்டாம்ப் யாரிடமாவது இருந்தால் (சரி, ஒரு ஆசைதான்) காட்டினால் போதும், கேட்க மாட்டேன்.

3. ட்வீசர் கட்டாயம். போன தடவை யாரோ பஜ்ஜி தின்ற விரலோடு தொட்டு, என் டால்மேஷனுக்குக் கூடுதலாக ஒரு புள்ளி. டீ, பஜ்ஜி எல்லாம் 12 மணிக்கு மேல், அதுவும் வெளியே.

4. உறையில் ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள். சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு வெட்டிக் கொண்டுவந்தால் அங்கேயே தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடலாம்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர், டூப்ளிகேட் எத்தனை என்று இங்கே போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.