சரக்கு ரயிலுக்கு ஒரு கிழமை குறியுங்கள்: போக்குவரத்து அமைச்சுக்குத் திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஏற்றுமதி இறக்குமதித் தாள் வேலை பார்க்கிறவன், இங்கிருந்து சீனாவுக்குப் போகும் சரக்கு ரயிலைப் பற்றி எழுதுகிறேன்.

2023 நவம்பரில் ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் ஐரோப்பா போகும் கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. “நம்ம சரக்கு சென்னையிலிருந்துதானே வருது, நமக்கென்ன?” என்றார் ஜார்ஜ்டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். 2024 நடுவில், அட்டவணை தவறிய கப்பல்கள் கூட்டமாக வந்து சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் நெருக்கியடித்தபோது அவருடைய பருப்பும் மிளகாயும் அதே வரிசையில்தான் நின்றன.

சென்னைச் சரக்குக்கு ரயில் உதவாது, நடுவில் வங்கக்கடல் கிடக்கிறது. வடக்கே சீனாவுக்குப் போவதற்கு உதவும். தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை மின்மயமான இரட்டைத் தண்டவாளம், பிறகு தாய்லாந்து, லாவோஸ். லாவோஸ் தலைநகர் வியந்தியேனிலிருந்து சீனாவின் குன்மிங்குக்கு 2021 டிசம்பரில் பாதை திறந்தாகிவிட்டது. நம்முடையதும் தாய்லாந்தினுடையதும் 1,000 மில்லிமீட்டர் பாதை, சீனாவுக்குப் போவது 1,435. அதனால் வியந்தியேன் பக்கம் கொள்கலனை, அதாவது சரக்குப் பெட்டியை, கிரேனால் தூக்கி வேறு வண்டியில் வைக்கவேண்டும். அது நிமிடக் கணக்கு வேலை. நாள் கணக்கில் இழுப்பது தாள்தான். பெட்டிக் கதவின் சீல் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் போதும், பெட்டி ஓரங்கட்டப்படும். லோரிச் சரக்கு ஒரே அறிவிப்பில் பல ஆசியான் எல்லைகளைக் கடக்கும் மின்னியல் ஏற்பாடு 2020 முதல் இருக்கிறதே, ரயிலுக்கும் அதே எளிமை கிடைக்கக்கூடாதா?

கப்பலை ஒதுக்கச் சொல்லவில்லை. பெரிய கப்பல் ஒன்று 20,000 பெட்டிகளுக்கு மேல் ஏற்றும். ரயில் சில டஜன்தான். ஆனால் கடலில் கலவரம் என்றால் எல்லோரும் ரயிலுக்கு ஓடுகிறார்கள், வாடகை ஏறுகிறது. கடல் அடங்கினதும் ரயிலைச் சீந்த ஆளில்லை. பெரிய நிறுவனம் ரயில் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு கொள்கலன் அனுப்புகிறவன் முகவரைக் கேட்டால் “நிரம்பட்டும், சொல்றேன்” என்பதுதான் பதில். எந்தக் கிழமை கிளம்பும் என்றே தெரியாத வண்டியை நம்பி எந்த வணிகர் சீனாக்காரரிடம் தேதி சொல்வார்?

ஆகவே கேட்பது இதுதான்: பட்டர்வொர்த்திலிருந்து வாரம் ஒரு ரயில், பாதி காலியானாலும் குறித்த கிழமையில் கிளம்பவேண்டும். அதில் சில கொள்கலன் இடங்களைச் சிறு வணிகருக்கென்று ஒதுக்குங்கள். முதல் சில மாதம் நட்டம் வரத்தான் செய்யும், அதை அமைச்சு தாங்கட்டும். அட்டவணையை மலாயிலேயே போடுங்கள், படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் சரக்கு முகவர் ஒருவர்