கார்மோரன்ட்டைப் பெரிதாக வையுங்கள்: வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையதளமும் அழைப்பிதழும் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத் தலைப்பு என்றாலே கார்மோரன்ட் எழுத்துருவைத் தேடிப் போகிறீர்கள். எனக்கும் அது மிகவும் பிடித்த எழுத்துரு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்துக்காரரான கிறிஸ்டியன் தால்மன், 16ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அச்செழுத்து வெட்டிய குளோத் கரமோனின் பாணியை மனதில் வைத்து இதைப் புதிதாக வரைந்தார், அந்த எழுத்துகளின் அழகு பெரிய அளவில்தான் முழுதாகத் தெரியும் என்பதால் தலைப்புக்கென்றே வரைந்தார். மயிரிழைக் கோடுகள், ஊசிமுனை செரிஃப்கள் (கோடுகளின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு விளிம்புகள்), a, e போன்ற குள்ளமான சின்ன எழுத்துகள், b, d போன்றவற்றில் அவற்றுக்கு மேலே நீளும் தண்டுகள். ‘லைட்’ என்னும் மெல்லிய எடையில் ஒரு பெயரை மட்டும் பெரிதாக வைத்து, சுற்றிலும் வெற்றிடம் விட்டுப் பாருங்கள், வேறு அலங்காரமே வேண்டாம். அதன் சாய்வெழுத்து இன்னும் அழகு.

அதையே கட்டுரை முழுக்க, கைபேசியில், பொடி எழுத்தில் வைக்கிறீர்களே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனியாக வெட்டினார்கள். சின்ன அளவென்றால் கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி இடைவெளியும் கூட்டினார்கள், அப்புறம் காகிதத்தில் மை பரவி அது இன்னும் கனத்தது. கார்மோரன்ட்டிலோ தலைப்புக்கு வரைந்த அதே கோடு அப்படியே சுருங்குகிறது. ஒரு பிக்ஸலைவிட மெலிந்த கோட்டைத் திரை மங்கலாகத்தான் காட்டும், அதற்கு மேல் நீங்கள் வெளிர் சாம்பல் நிறமும் கொடுத்தால் கண்ணாடி போட்டவர்கள் என்ன செய்வார்கள்? இணையதளத்தை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறி எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்கும் 4.5:1 நிற வேறுபாடு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அந்தக் கணக்கு நீங்கள் கொடுத்த நிறத்தைத்தான் பார்க்கிறது, கோட்டின் மெலிவை அல்ல.

படிக்கிற பத்திகளுக்கு ஈபி கரமோன்ட் என்ற எழுத்துரு இருக்கிறது. 1592ஆம் ஆண்டு எழுத்து மாதிரித் தாளைப் பார்த்து கியோர்க் டஃப்னர் தொடங்கியது, அதே குடும்பச் சாயல், சின்ன அளவிலும் தாங்கும். இரண்டுமே இலவசம்தான்.

தமிழும் சேர்ந்து வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். கார்மோரன்ட்டில் தமிழ் எழுத்தே கிடையாது, நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் கணினி கையில் கிடைத்ததைப் போட்டுவிடும், மெல்லிய ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழ் தடித்து நிற்கும். நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவில் லைட் எடை உண்டு, அதை எடுங்கள். கார்மோரன்ட்டின் சின்ன எழுத்துகள் குள்ளம் என்பதால் ஒரே பாயிண்ட் அளவில் தமிழ் பெரிதாகத் தெரியும். எண்ணைப் பார்க்காமல் கண்ணால் பார்த்துத் தமிழின் அளவைக் குறையுங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் கார்மோரன்ட்டிலேயே இருக்கட்டும். முகூர்த்த நேரம், மண்டபத்தின் முகவரி, தொலைபேசி எண், இவற்றை மட்டும் அடுத்த பத்திரிகையிலிருந்தே வேறு எழுத்துருவுக்கு மாற்றுங்கள்.

அன்புடன்,
எழுத்துருக்களை நேசிக்கும் ஒரு வாசகர்