ஒரு பாட்டில் விலைக்குப் பின்னால் இருக்கும் வேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1945ஆம் ஆண்டு ரொமனே-கொன்டி ஒயின் பாட்டில் ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். விலையும் பணக்காரர்களின் மோகமும்தான் பக்கம் முழுக்க. அந்த ஆண்டுச் சரக்கு ஏன் இவ்வளவு அரிது என்பது வரவே இல்லை. ஒட்டுக்கன்றுத் தொழிலில் இருக்கும் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், வோன்-ரொமனே என்ற சிற்றூரில் இருக்கும் ரொமனே-கொன்டி திராட்சைத் தோட்டம் நாலரை ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஒரு காலத்தில் மடத்துத் துறவிகளின் நிலம். 1760இல் கொன்டி இளவரசர் வாங்கினார். பெயரின் பின்பாதி அவருடையது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசு பறிமுதல் செய்து விற்றது. 1869இல் துவோ-ப்லோஷே என்ற ஒயின் வணிகர் கைக்கு வந்தது.

சரி, கொடிக்கு வருவோம். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஃபைலாக்சிரா என்ற பூச்சி, வேரைத் தாக்கி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைக் காய வைத்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர் அதைத் தாங்கும் என்பதால், அவற்றின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் நாடே மீண்டது. ரொமனே-கொன்டிக்காரர்கள் அதற்கு இணங்கவில்லை. கார்பன் டைசல்பைடை மண்ணுக்குள் செலுத்திப் பூச்சியை அடக்கினார்கள். ஒரு கொடி பட்டுப்போனால் பக்கத்துக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போட்டார்கள். ஒட்டுக் கட்டினால் ருசி கெட்டுவிடும் என்ற பயத்தை நான் ஏற்கமாட்டேன். ஒட்டு மாம்பழம் தின்றவர்கள் யாரும் ஏற்கமாட்டார்கள். ஆனாலும் சொந்த வேரிலேயே அத்தனை காலம் காப்பாற்றிய உழைப்பு சாதாரணமானதல்ல.

இரண்டாம் உலகப் போர்தான் அதை முறித்தது. மருந்தும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கொடிகள் நலிந்து, 1945இல் சுமார் 600 பாட்டில்தான் தேறியது. அந்த அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, அப்புறம் ஒட்டுக்கொடிகளை நட்டார்கள். அடுத்த ரொமனே-கொன்டி 1952இல்தான் வந்தது. ஆக, ஏலம் போனது ஒட்டுக் கட்டாத பழைய கொடிகளின் கடைசி விளைச்சல்.

ஃபைலாக்சிராவிலிருந்து பிரான்ஸ் மீண்ட விதத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம். மதுவைத் தொடாத வாசகர்களும், முக்கியமாகத் தோட்டம் வைத்திருப்பவர்கள், ஆர்வமாகப் படிப்பார்கள். பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கிருஷ்ணகிரி